கார் வாங்கப் போகிறீர்களா? முதலில் கொட்டேஷனை வீட்டுக்கு எடுத்து வாருங்கள்

வாசகர் கேள்வி – பதில்

ஷோரூமில் விலை பேசுவது எப்படி என்று கேட்டு இந்த முறை நிறையக் கடிதங்கள் வந்திருக்கின்றன. கோவை அவினாசி ரோட்டில் ஒரு கார் ஷோரூமின் பில்லிங் பிரிவில் பல வருடம் வேலை பார்த்தவள் நான். வாடிக்கையாளர் கைக்குப் போகும் கொட்டேஷனில் எந்தத் தொகை எதற்காக ஏறுகிறது என்பது எனக்குத் தெரியும். வீட்டுக்கு அடுத்தபடியாக ஒரு குடும்பம் போடும் பெரிய பணம் காருக்குத்தான். அதில் ஐம்பதாயிரம் வீணாகப் போனால் அது பிள்ளையின் ஒரு வருடப் படிப்புச் செலவு. அதனால் இந்த முறை முழுக்க இதற்கே.

அக்கா, நான் பள்ளி ஆசிரியை. வீட்டுக்காரர் விசைத்தறி வைத்திருக்கிறார். ஆன்ரோடு விலை (வரி, இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்து) 9,40,000 ரூபாய்க்கு மேல் போகக்கூடாது என்று முடிவு செய்துதான் ஷோரூம் போனோம். பிடித்த வண்டிக்கு 9,72,500 சொல்கிறார்கள். ‘இதுக்கு மேல ஒரு ரூபா குறையாது’ என்கிறார் சேல்ஸ் தம்பி. கொட்டேஷனை இணைத்திருக்கிறேன். வேரியன்ட்டைக் குறைத்து வசதி குறைந்த மாடலை எடுப்பதா, கடனைக் கூட்டுவதா?
– ஆசிரியை, பல்லடம்

இரண்டும் வேண்டாம் அம்மா. உங்கள் கொட்டேஷனை வரிவரியாகப் பார்த்தேன். மற்றவர்களுக்கும் பயன்படும் என்பதால் அப்படியே தருகிறேன்.

எக்ஸ்-ஷோரூம் விலை (ஆயுள் வரி, இன்சூரன்ஸ், பதிவுச் செலவு சேராத வண்டி விலை) 7,80,000. ஆயுள் வரி 1,01,400. இன்சூரன்ஸ் 46,800. பதிவுச் செலவு 7,500. எக்ஸ்டெண்டட் வாரண்ட்டி 14,200. ஆக்சஸரி கிட் 21,500. டெஃப்லான், அண்டர்பாடி கோட்டிங் 9,500. ஹேண்ட்லிங் சார்ஜ் 6,000. ஃபாஸ்டேக் 600. கூட்டினால் 9,87,500. அதில் ஆஃபர் 15,000 கழித்து 9,72,500.

அந்தத் தம்பி சொன்னது வண்டி விலையைப் பொறுத்தவரை கிட்டத்தட்ட உண்மைதான். எக்ஸ்-ஷோரூம் விலையைக் கம்பெனி வைக்கிறது. டீலருக்கு அதில் நிற்கும் லாபம் நீங்கள் நினைப்பதைவிடக் குறைவு. ஆயுள் வரி அரசாங்கத்துக்குப் போவது. தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் மாற்றிய கணக்குப்படி 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரையிலான காருக்கு 13 சதவீதம், உங்களுக்குச் சரியாகத்தான் போட்டிருக்கிறார்கள். இந்த இரண்டு தொகையிலும் மல்லுக்கட்டிப் பிரயோஜனமில்லை. ஷோரூம் சம்பாதிக்கும் இடம் அதற்குக் கீழே இருக்கிறது. நீங்கள் பேச வேண்டிய இடமும் அதுதான்.

இன்சூரன்ஸிலிருந்து ஆரம்பியுங்கள். புதுக் காருக்கு மூன்று வருடத் தேர்டு பார்ட்டி இன்சூரன்ஸ் (நம் வண்டியால் மற்றவர்களுக்கு ஆகும் சேதத்துக்கு) கட்டாயம், அந்தத் தொகை எந்தக் கம்பெனியில் போட்டாலும் ஒன்றுதான். ஓன் டேமேஜ் (நம் வண்டிக்கு ஆகும் சேதம்) பாகத்திலும் ஜீரோ டெப்ரிசியேஷன் (உதிரிபாகத்தின் தேய்மானத்தைக் கழிக்காமல் தருவது) மாதிரியான சேர்ப்புகளிலும்தான் கம்பெனிக்குக் கம்பெனி விலை மாறும். ஷோரூம் சொல்வது ஒரே ஒரு விலை. நீங்கள் வெளியே ஒரு ஏஜென்ட்டிடமோ ஆன்லைனிலோ அதே சேர்ப்புகளுக்கு ஒரு விலை வாங்குங்கள். ஐ.டி.வி. தொகையும், அதாவது வண்டி திருடு போனாலோ முழுக்கச் சேதமானாலோ இன்சூரன்ஸ் கம்பெனி தரும் உச்சத் தொகையும், அதேதானா என்று கட்டாயம் பாருங்கள். புதுக் காருக்கு எக்ஸ்-ஷோரூம் விலையில் 95 சதவீதம் ஐ.டி.வி. இருக்கும், அதாவது உங்களுக்கு 7,41,000. இதைக் குறைத்துப் போட்டுப் பிரீமியத்தைக் குறைத்துக் காட்டுகிறவர்களும் உண்டு. வண்டி திருடு போனால்தான் அந்த வலி தெரியும்.

‘வெளியே இன்சூரன்ஸ் போட்டா கேஷ்லெஸ் கிடைக்காது மேடம்’ என்பார்கள். ரிப்பேர் பில்லை இன்சூரன்ஸ் கம்பெனியே நேராகக் கட்டும் கேஷ்லெஸ் என்பது அந்தக் கம்பெனிக்கும் அந்த வொர்க்‌ஷாப்புக்கும் இடையிலான ஏற்பாடு. அந்த வொர்க்‌ஷாப் எந்தெந்தக் கம்பெனிகளின் பட்டியலில் இருக்கிறது என்று பார்த்து அவற்றில் ஒன்றில் போட்டால் கேஷ்லெஸ் கிடைக்கும். எந்தக் கம்பெனியில் போடுவது என்பது உங்கள் உரிமை. வெளி விலையைக் காகிதத்தில் காட்டினாலே போதும், பெரும்பாலும் அவர்களே இறங்கி வருவார்கள். உங்கள் வண்டிக்கு வெளியே 34,800-க்குக் கிடைப்பதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். 12,000 இங்கேயே மிச்சம்.

அடுத்தது ஹேண்ட்லிங் சார்ஜ். ஃபேக்டரியிலிருந்து வண்டி ஷோரூம் வந்து சேரும் செலவெல்லாம் எக்ஸ்-ஷோரூம் விலைக்குள்ளேயே இருக்கிறது. ‘இது எதுக்கான செலவு, தனி ரசீது தருவீங்களா?’ என்று பொறுமையாகக் கேளுங்கள். கேட்டவர்களுக்கு அந்தத் தொகையைப் பெரும்பாலும் எடுத்துவிடுவார்கள். ஆகவே 6,000 குறையும்.

கோட்டிங் பல்லடத்துக்குத் தேவையே இல்லை. இப்போது வரும் வண்டிகளுக்குத் துருப்பிடிக்காமல் இருக்க ஃபேக்டரியிலேயே வேலை செய்துதான் அனுப்புகிறார்கள். நாகப்பட்டினத்தில் கடற்கரை ஓரம் வண்டி நிற்கிறது என்றால் நான் யோசித்துச் சொல்வேன். உங்களுக்கு 9,500 மிச்சம்.

ஆக்சஸரி கிட்டை மொத்தமாக வாங்காதீர்கள். அதில் மேட், மட் ஃப்ளாப் இரண்டும் வேண்டியதுதான், 4,000-க்குள் முடியும். சீட் கவர், பாடி கவர், குரோம் பட்டை, பெர்ஃப்யூம் எல்லாம் பிறகு வெளியே பார்த்துக்கொள்ளலாம். சென்னைக்காரர்களுக்கு ஜெனரல் பாட்டர்ஸ் ரோடு இருக்கிறது, நம் பக்கத்திலும் நல்ல கடைகள் உண்டு. ஆனால் வயரை வெட்டிப் போடும் எந்த வேலையையும் வெளிக் கடையில் செய்யாதீர்கள், வாரண்ட்டிக்குப் பிரச்சினை வரும். இதில் 17,500.

எக்ஸ்டெண்டட் வாரண்ட்டி இருக்கட்டும். வண்டியைப் பத்து வருடம் வைத்திருக்கப் போகிறோம் என்று எழுதியிருக்கிறீர்கள், அது பயன்படும் செலவு.

பதிவுச் செலவு 7,500 என்பதற்கு விவரம் கேளுங்கள். காருக்கான பதிவுக் கட்டணம் 600, கடன் இருப்பதைக் குறிக்க 1,500, அது போக ஸ்மார்ட் கார்டு மாதிரிச் சின்னக் கட்டணங்கள். ஆர்.டி.ஓ. ரசீது எவ்வளவுக்கு வருகிறதோ அவ்வளவு கொடுக்கத் தயார் என்று சொல்லுங்கள். இதில் எவ்வளவு குறைந்தாலும் லாபம்தான், அதை நான் கணக்கில் சேர்க்கவில்லை.

இப்போது கூட்டிப் பாருங்கள். 12,000, 6,000, 9,500, 17,500 சேர்த்து 45,000. வண்டி விலையைத் தொடாமலேயே 9,27,500-க்கு வந்துவிட்டீர்கள். பட்ஜெட்டுக்குள் 12,500 கையிருப்பும் நிற்கிறது.

இன்னொன்று. உள்ளே நுழைந்ததும் ‘எங்க பட்ஜெட் ஒன்பது நாப்பது’ என்று சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அடுத்த ஷோரூமில் அந்த எண்ணைச் சொல்லாதீர்கள். ‘கொட்டேஷன்ல ஒவ்வொரு செலவையும் பிரிச்சுப் போட்டுக் குடுங்க, வீட்ல பேசிட்டு வர்றோம்’ என்று மட்டும் சொல்லுங்கள். கொட்டேஷன் வாங்கிய அன்றே எதையும் முடிவு செய்ய வேண்டாம். ஏ.சி. அறையில், புது வண்டி வாசனையில், குழந்தைகள் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது போடும் கணக்கு வேறு. சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து போடும் கணக்கு வேறு. திருப்பூரிலோ கோவையிலோ அதே கம்பெனியின் வேறு டீலரிடமும் அதே வேரியன்ட்டுக்கு ஒரு கொட்டேஷன் வாங்கிவிடுங்கள். இரண்டு காகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எந்தத் தொகை ஊதியிருக்கிறது என்று உங்களுக்கே தெரியும்.

அந்தத் தம்பியிடம் கோபப்படாதீர்கள். வண்டி விற்றால் அவருக்குக் கிடைப்பது கொஞ்சம். இன்சூரன்ஸ், ஆக்சஸரி, லோன் மூன்றும் சேர்ந்து போனால்தான் அந்த மாத இன்சென்டிவ் கைக்கு வரும். மாதக் கடைசியில் டார்கெட் எட்டாமல் மதியச் சாப்பாட்டைக்கூட மறந்து போன் பண்ணிக்கொண்டிருந்த பிள்ளைகளை நான் தினமும் பார்த்திருக்கிறேன். மரியாதையாகப் பேசி, வேண்டாததை வேண்டாம் என்று உறுதியாகச் சொன்னால் அவரும் உங்களுக்காக மேனேஜரிடம் பேசுவார்.

‘இந்த ஆஃபர் இன்னைக்குச் சாயங்காலத்தோட முடியுது, இப்பவே புக் பண்ணுங்க’ என்று அவசரப்படுத்துகிறார்கள். நம்பலாமா?
– தனியார் நிறுவன ஊழியர், அம்பத்தூர்

கம்பெனி ஆஃபர்கள் பெரும்பாலும் மாதக் கணக்கில் வரும். மாதத்தின் 30-ஆம் தேதி இதைச் சொன்னால் உண்மையாக இருக்கலாம். 12-ஆம் தேதி சொன்னால் நீங்கள் வெளியே போய்விடக்கூடாது என்பதற்காகச் சொல்வது. ‘ஆஃபர் எந்தத் தேதி வரைக்கும்னு கொட்டேஷன்லயே எழுதிக் குடுங்க’ என்று கேளுங்கள். எழுதித் தந்தால் அந்தத் தேதி வரை உங்களுக்கு நேரம் இருக்கிறது.

நேரத்தை நீங்களே தேர்ந்தெடுக்க முடிந்தால் மாதக் கடைசி வாரம், மார்ச் மாதம், டிசம்பர் மாதம் நல்லவை. நம் ஊரில் ஆடியும் மார்கழியும் ஷோரூம் வெறிச்சோடும் மாதங்கள். யாரும் புது வண்டி எடுக்க மாட்டார்கள் என்பதால் பேசுகிறவர்களுக்கு இறங்கி வருவார்கள். ஆடியில் பேசி முடித்து, விலையை எழுதி வாங்கி, ஆவணி முதல் முகூர்த்தத்தில் டெலிவரி எடுத்த குடும்பங்களுக்கு நானே பில் போட்டிருக்கிறேன். பேசும்போதே ‘ஆவணியில பில் போட்டாலும் இதே விலைதான்’ என்று எழுதி வாங்க வேண்டும். இல்லாவிட்டால் பில் போடும் நாளில் என்ன விலையோ அதுதான்.

டிசம்பரில் பெரிய தள்ளுபடி கிடைக்கும். ஆனால் ஆர்.சி.யில் (பதிவுச் சான்றிதழில்) வண்டி தயாரித்த மாதமும் வருடமும் அச்சாகும். ஐந்து வருடம் கழித்து விற்கப் போனால் அடுத்த மாதம் ஜனவரியில் தயாரித்த வண்டியைவிட ஒரு வருடம் பழையதாகவே விலை சொல்வார்கள். சீக்கிரம் மாற்றும் பழக்கம் உள்ளவர்கள் அந்த நஷ்டத்தை ஈடுகட்டும் அளவுக்குத் தள்ளுபடி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நீண்ட நாள் வைத்திருப்பவர்களுக்கு டிசம்பர் நல்ல மாதம்தான்.

புக்கிங் தொகையைச் சேல்ஸ்மேனின் சொந்த ஜிபே எண்ணுக்கு அனுப்பவே அனுப்பாதீர்கள். டீலர்ஷிப் பெயரில் உள்ள கணக்குக்குத்தான் போக வேண்டும், ரசீதும் அன்றே கைக்கு வர வேண்டும். ரத்து செய்தால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பதையும் அந்த ரசீதில் பாருங்கள்.

போன உடனே ‘மாசம் எவ்வளவு கட்ட முடியும் சார்?’ என்றுதான் கேட்கிறார்கள். பத்தாயிரத்துக்குள் என்றேன். எல்லாம் அதற்குள் அடங்கும் என்று சொல்லிவிட்டார்கள். எனக்கு என்னவோ சரியாகப் படவில்லை.
– ஓய்வு பெற்ற அலுவலர், தஞ்சாவூர்

உங்களுக்குப் பட்டது சரி ஐயா. வருடத்தை நீட்டினால் எந்த விலையையும் பத்தாயிரத்துக்குள் அடக்கிவிடலாம். 6 லட்சம் கடன், 9.5 சதவீத வட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து வருடத்துக்கு மாதம் ஏறக்குறைய 12,600 வரும், மொத்த வட்டி 1,56,000. அதையே ஏழு வருடம் ஆக்கினால் மாதம் 9,800 ஆகிவிடும், வட்டி 2,24,000-ஐ நெருங்கும். மாதத் தவணை குறைந்த மாதிரித் தெரியும், ஆனால் 68,000 கூடுதலாகக் கட்டுகிறீர்கள்.

‘ஃப்ளாட் ரேட் வெறும் ஆறு பர்சென்ட்’ என்று சொன்னால் உஷாராக இருங்கள். ஃப்ளாட் என்றால் கட்டிய அசலைக் கழிக்காமல் முழுக் கடனுக்கும் கடைசி வரை வட்டி போடுவது. ஐந்து வருடக் கடனில் 6 சதவீத ஃப்ளாட் என்பது, மீதி அசலுக்கு மட்டும் வட்டி போடும் குறையும் நிலுவைக் கணக்கில் 11 சதவீதத்தை ஒட்டி வரும். அதே 6 லட்சத்துக்கு மாதம் 13,000 கட்ட வேண்டும். 9.5 சதவீதக் கடனைவிட அது அதிகம். எத்தனை மாதம், எத்தனை ரூபாய், மொத்தம் எவ்வளவு என்று மூன்று எண்களை எழுதி வாங்குங்கள். சதவீதத்தை அப்புறம் பேசலாம்.

ஷோரூம் போவதற்கு முன்னால் உங்கள் பென்ஷன் வரும் வங்கியில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். கடன் அனுமதிக் கடிதத்தோடு போகிறவரிடம் மாதத் தவணைப் பேச்சே எடுபடாது. முதலில் ஆன்ரோடு விலை முடிவாகட்டும். கடனை அதற்குப் பிறகு பேசுங்கள்.

ஒரு வேரியன்ட் 9,90,000, அடுத்தது 10,20,000. முப்பதாயிரம்தானே வித்தியாசம், சன்ரூஃப் கிடைக்குமே என்கிறார்கள். போகலாமா?
– வியாபாரி, ராஜபாளையம்

முப்பதாயிரம் இல்லை தம்பி. 10 லட்சம் வரை ஆயுள் வரி 13 சதவீதம், அதைத் தாண்டினால் 20 லட்சம் வரை 18 சதவீதம். தாண்டிய தொகைக்கு மட்டும் இல்லை, முழு விலைக்கும். முதல் வண்டிக்கு வரி 1,28,700. இரண்டாவதுக்கு 1,83,600. வரியிலேயே 54,900 கூடுகிறது. விலை வித்தியாசத்தையும் சேர்த்தால் அந்தச் சன்ரூஃபுக்கு நீங்கள் கொடுக்கும் விலை 84,900. அது போக 10 லட்சத்தைத் தாண்டும் வண்டிக்கு 1 சதவீதம் டி.சி.எஸ். (விற்பவரே வசூலித்து வருமான வரிக் கணக்கில் கட்டும் தொகை) பிடிப்பார்கள், 10,200. வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும்போது அதைச் சரிக்கட்டிக்கொள்ளலாம், ஆனால் டெலிவரிக்கு முன்னால் கையிலிருந்து போக வேண்டிய பணம்தான். நம் ஊர் வெயிலுக்குச் சன்ரூஃபைத் திறந்து வைத்து ஓட்டும் நாள் மிகக் குறைவு. நான் 9,90,000 வண்டியைத்தான் எடுக்கச் சொல்வேன்.

பழைய காரை எக்ஸ்சேஞ்ச் கொடுத்தால் நல்ல விலை தருவதாகச் சொல்கிறார்கள். வெளியே விற்பதா, அங்கேயே கொடுப்பதா?
– வாசகர், நாகர்கோவில்

பழைய வண்டிப் பேச்சையே முதலில் எடுக்காதீர்கள். புது வண்டியின் விலை முடிந்து காகிதத்தில் வரட்டும். இரண்டையும் ஒன்றாகப் பேசினால் இங்கே கூட்டி அங்கே குறைத்து விடுவார்கள், எது எங்கே போனது என்று கண்டுபிடிக்க முடியாது. பழைய கார் வாங்கும் இரண்டு இடங்களில் முன்னாலேயே விலை கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கம்பெனி தரும் எக்ஸ்சேஞ்ச் போனஸ் கொட்டேஷனில் தனித் தொகையாக வர வேண்டும். வண்டியின் விலைக்குள்ளேயே அதைச் சேர்த்துச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். வெளி விலைக்கும் ஷோரூம் விலைக்கும் உள்ள வித்தியாசம் போனஸைவிடக் குறைவு என்றால் அங்கேயே கொடுத்துவிடலாம், அலைச்சல் மிச்சம்.

எங்கே கொடுத்தாலும் ஒரு விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30-இல் வெற்றுக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வராதீர்கள். வாங்குபவர் விவரம், தேதி, நேரம் எல்லாம் நிரப்பிய நகல் உங்களிடம் இருக்க வேண்டும். ஆர்.சி. உங்கள் பெயரில் இருக்கும்வரை அந்த வண்டி விபத்தில் மாட்டினால் நோட்டீஸ் உங்கள் வீட்டுக்குத்தான் வரும். பெயர் மாறிவிட்டதா என்று அரசின் பரிவாஹன் இணையதளத்தில் நீங்களே பார்த்து உறுதிசெய்யுங்கள்.

அக்கா, பணம் என்னுடையது, ஓட்டப் போவதும் நான். ஆனால் ஷோரூமில் எல்லாவற்றையும் என் தம்பியைப் பார்த்தே சொல்கிறார்கள். என்னிடம் நிறத்தை மட்டும் கேட்கிறார்கள்.
– ஐ.டி. ஊழியர், சோழிங்கநல்லூர்

படிக்கும்போதே மனசு கொதித்தது தங்கச்சி. டெஸ்ட் டிரைவுக்கு நீங்கள் ஓட்டுங்கள், சேல்ஸ்மேன் பக்கத்தில் உட்காரட்டும், தம்பி பின் சீட்டில். கொட்டேஷன் உங்கள் பெயரில், உங்கள் கையில். ‘ஐ.டி.வி. எவ்வளவு போட்டிருக்கீங்க?’ என்று முதல் கேள்வியை நீங்கள் கேளுங்கள், அதற்குப் பிறகு பேச்சு உங்களிடம் வந்துவிடும். அப்போதும் தம்பியைப் பார்த்தே பதில் சொன்னால் வேறு எக்ஸிக்யூட்டிவ் வேண்டும் என்று மேனேஜரிடம் கேளுங்கள். நிச்சயம் மாற்றித் தருவார்கள். இல்லையா, அடுத்த ஷோரூமுக்குப் போங்கள்.

பேசி முடித்தாயிற்று. முழுப் பணம் கட்டும் முன் என்ன பார்க்க வேண்டும்?
– வாசகர், கரூர்

உங்களுக்கு ஒதுக்கிய வண்டியின் சேஸிஸ் நம்பரை (ஒவ்வொரு வண்டிக்கும் உள்ள தனி அடையாள எண்) வாங்கி, ஸ்டாக் யார்டில் பகல் வெளிச்சத்தில் அந்த வண்டியையே பாருங்கள். ஓடோமீட்டர், டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கம் (முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம்), பம்பர் ஓரங்களில் பெயின்ட், பேட்டரித் தேதி, ஸ்டெப்னி, ஜாக்கி. ஏதாவது சரியில்லை என்றால் பதிவுக்கு முன்னால்தான் வண்டியை மாற்றித் தருவார்கள். அதனால் ஆர்.டி.ஓ.வுக்குக் காகிதம் போகும் முன்னாலேயே இதை முடித்துவிடுங்கள். இன்வாய்ஸில் உள்ள சேஸிஸ் நம்பரும் வண்டியில் உள்ளதும் ஒன்றா என்று ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடுங்கள். ஒத்துக்கொண்ட தள்ளுபடி இன்வாய்ஸில் வந்திருக்கிறதா என்று பாருங்கள். ‘டெலிவரி அன்னைக்குக் கேஷா தர்றோம் சார்’ என்றால் ஏற்காதீர்கள்.